மொய்க் கவர் ஒட்ட மைதாப் பசையா, ஃபெவிகாலா?

கல்யாண சீசனில் மொய்க் கவரை நானே செய்துகொள்கிறேன். ஏ4 தாளின் 21 செ.மீ. அகலத்தில் இருபுறமும் 2 செ.மீ. மடித்தால் 17 செ.மீ. கவர் கிடைக்கும். 15 செ.மீ. நீளமுள்ள 500 ரூபாய் நோட்டு மடங்காமல் உள்ளே போகும். மடிப்பில் பிரச்சினையே இல்லை, தகராறெல்லாம் பசையில்தான்.

மைதாப் பசைக்குச் செலவென்று ஒன்றும் இல்லை. இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை மங்கி, கூழ் கண்ணாடி மாதிரி மினுமினுத்ததும் இறக்கிவிடலாம். கோணலாக ஒட்டிவிட்டாலும் சற்று நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். ஆனால் மிச்சப் பசை மறுநாளே புளித்துவிடும். எடுத்துவைத்த கவர்களைக் கரப்பான் பதம் பார்க்கும். அதற்குத்தான் பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் வேண்டவே வேண்டாம். வழவழப்பான மாதக் காலண்டர் தாளில் மைதா சரியாகப் பிடிக்காது, காய்ந்ததும் படக்கென்று விட்டுவிடும்.

ஃபெவிகால் அதைவிடத் தேவலை. பூச்சித் தொல்லையும் இல்லை. கை தாராளமானால்தான் தாள் அலை அலையாகச் சுருங்கும். ஒரு சொட்டு வைத்து, பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தால் இழுத்துவிட்டால் போதும்.

ஐம்பது கவர் ஒட்டி அந்த வாரமே தீரும் என்றால் மைதா. நாலைந்து செய்து பீரோவில் வைப்பதென்றால் ஃபெவிகால். முகப்பில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்ட மட்டும் மைதாவை நம்பாதீர்கள். அத்தை பையன் கல்யாணத்தில் என் நாணயம் மேடையில் உருண்டோடி, 501 வெறும் 500 ஆனது.