எடைக்கு நம்பலாம், விலைக்கு யோசிக்க வேண்டும்: கிருஷ்ணகிரியில் ஒரு நாணயப் பரிசோதனை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள ஒரு வெள்ளிக்கடையில், கொலுசும் அரைஞாணும் விற்பதோடு, பழைய நாணயங்களைச் சிறு கட்டணத்துக்குப் பரிசோதித்து, எடையையும் டச்சையும் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்ற தூய்மை அளவு) எழுதிய சீட்டு ஒன்றும் தருகிறார்கள். என் மைத்துனர் அமெரிக்காவில் இருந்த காலத்தில் சேர்த்த வெள்ளி டாலர்களையும், அரை டாலர், கால் டாலர் காசுகளையும் அங்கே கொடுத்துப் பார்த்தோம். இன்ன உலோகம் என்று சொல்வதில் அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தரலாம். நாணயத்துக்கு விலை சொல்வதில் பாதிகூடத் தர மனம் வரவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் உரைகல்லைக் கையில் எடுக்கவே இல்லை. “இது காசு சார், வளையல் இல்ல, உரைச்சா போச்சு” என்றார். எக்ஸ்ரே கதிரால் டச் பார்க்கும் கருவியில் வைத்தபோது, மார்கன் டாலர் எனப்படும் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் 90 டச்சை ஒட்டிக் காட்டியது. அக்கருவி நாணயத்தின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால், கனமாக வெள்ளி முலாம் பூசிய போலியும் அதில் தேறிவிடக்கூடும். ஆகவே அவர் அத்தோடு நிறுத்தாமல், மின்தராசில் எடையையும் வெர்னியர் காலிப்பரில் விட்டத்தையும் பார்த்தார். மார்கன் டாலரும், 1921இல் அதன் இடத்துக்கு வந்த பீஸ் டாலரும் 26.73 கிராம் எடையும் 38.1 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை; தேய்மானத்தால் சிறிது எடை குறையலாமே தவிர அதிகமாகாது. ஆசிய வணிகத்துக்கென 1873 முதல் அடிக்கப்பட்ட டிரேட் டாலர் மட்டும் 27.22 கிராம். போலிகள் மிகுதியாக உலவும் வகை அது. மைத்துனரிடம் இருந்த ஒன்று எடையில் வெகுவாகக் குறைந்ததால், அதைக் கருவியில் வைக்காமலேயே தனியே எடுத்து வைத்துவிட்டார்.

சில்லறைக் காசுகளில் அவருடைய கண் இன்னும் கூர்மையானது. 1964 வரை ஆண்டு பொறித்த கால் டாலர் 6.25 கிராம், அதில் வெள்ளி 90 விழுக்காடு. 1965 முதல் புழக்கத்துக்கு வந்தது 5.67 கிராம், அதில் வெள்ளி அறவே இல்லை, விளிம்பைத் திருப்பினால் செம்புக் கோடு தெரியும். அரை டாலரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: 1965 முதல் 1970 வரையிலான கென்னடி அரை டாலரில் வெள்ளி 40 விழுக்காடு மட்டுமே. இவற்றையெல்லாம் அவர் கேட்காமலே பிரித்து, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டித் தந்தார்.

குறை தொடங்குவது இதற்குப் பிறகுதான். மார்கன் டாலர்கள் அத்தனைக்கும் அவர் சொன்னது ஒரே விலை. ஒவ்வொன்றிலும் 24 கிராம் வெள்ளி, அன்றைய வெள்ளி விலையால் பெருக்கு, கழிவைக் கழி, அவ்வளவே. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் மின்ட் மார்க் என்ற சிறு எழுத்து பின்புறத்து இலை வளையத்துக்குக் கீழே இருக்கும்; அதை அவர் பார்க்கவே இல்லை. எங்கள் காசுகளில் ஒன்று 1921ஆம் ஆண்டினது. அந்த ஓராண்டில் மட்டும் எட்டரைக் கோடிக்கு மேல் அடிக்கப்பட்ட வகை என்பதால், சாதாரண நிலையில் அதன் விலை உலோக மதிப்பை விட்டு அதிகம் விலகாது. இன்னொன்று 1890ஆம் ஆண்டினது, கார்சன் சிட்டி நாணயச்சாலையின் ‘சிசி’ குறி உடையது. தேய்ந்திருந்தாலும் சேகரிப்பாளர்கள் அதற்கு உலோக விலைக்கு மேலேயே தருவார்கள். இவ்விரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது விற்பவருக்கு நட்டம்.

அச்சடித்த எண்ணிக்கையை மட்டும் வைத்து அருமையை அளக்கவும் முடியாது. 1918இல் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்படி 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியில் பெரும்பங்கு இந்தியாவில் ரூபாய் அடிப்பதற்காகத்தான் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. நம் பாட்டிமார் முடிந்து வைத்த ஜார்ஜ் மன்னர் ரூபாயில் அந்த மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்கவும் கூடும். எந்த ஆண்டுக் காசு எவ்வளவு உருகியது என்ற கணக்கை அப்போது வைக்கவில்லை. எனவே எண்ணிக்கையோடு, இன்று உண்மையில் கிடைக்கும் காசுகளின் நிலையையும் பார்த்தே விலை சொல்ல வேண்டும்.

கடையில் வேலை செய்யும் பையன், பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்த்துத் தருவதாக நல்லெண்ணத்தோடு சொன்னான். கொலுசுக்கு அது சரி. நாணயத்தைத் தேய்த்தால் காலம் ஏற்றிய கருமையும் அச்சின் மூலப் பளபளப்பும் போய்விடும். சேகரிப்பாளர் அப்போதே விலையைக் குறைத்துவிடுவார். உரைகல்லைத் தொடாத முதலாளி, பையனை இதில் தடுக்காதது எனக்கு வியப்பாக இருந்தது.

ஆகவே, 1964 வரையிலான தேய்ந்த கால், அரை டாலர்களை உலோக விலைக்கு விற்க விரும்புவோர் இங்கே தயங்காமல் போகலாம். ‘சிசி’ குறி உள்ளவற்றையும், 1893ஆம் ஆண்டின் ‘எஸ்’ குறி உள்ள மார்கன் டாலர், 1928ஆம் ஆண்டின் குறியில்லாத பீஸ் டாலர் போன்ற அரியவற்றையும் சீட்டு வாங்கியதோடு திரும்ப எடுத்துவந்து, பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமிடும் நிறுவனங்கள் வழியாக மதிப்பிட்டுக்கொள்வது நல்லது. ஆனால் அதற்கான கட்டணமும் அனுப்பும் செலவும் காசின் விலையையே விழுங்கிவிடாதா என்று முதலில் கணக்குப் போட வேண்டும். முகூர்த்த நாட்களில் கடையில் நகைக் கூட்டம் நெரியும் என்பதால், நாணயம் கொண்டு போவோர் அந்நாட்களைத் தவிர்த்துக் காலையிலேயே சென்றால் அவர் நிதானமாகப் பார்த்துத் தருவார்.