நான்காம் டிவிஷனில் ஒரு சீசன் டிக்கெட்: 340 பவுண்டுக்கு என்ன கிடைத்தது?

கிளப்பின் பெயரைப் போடப்போவதில்லை. குறை சொல்ல நிறைய இருக்கிறது, ஊரோ சின்னது, டிக்கெட் ஜன்னலில் இருக்கும் அம்மாவுக்கு என் முகம் நன்றாகவே தெரியும். இங்கிலாந்து கால்பந்தின் நான்காம் டிவிஷனான லீக் டூவில் ஆடும் ஒரு கிளப், 2023-24 சீசன், நின்றுகொண்டு பார்க்கிற டெரஸ் டிக்கெட் என்பது வரை போதும். எனக்கு 340 பவுண்டு, பத்து வயதுப் பையனுக்கு 50. கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் போகிறார்கள் என்று அவன் நச்சரித்ததால் எடுத்தது. "மழையில நனையுற இருபத்திரெண்டு பேரை நாமளும் நனைஞ்சுக்கிட்டே பார்க்கிறதுக்குக் காசா?" என்றார் வீட்டுக்காரர். அவர் கிரிக்கெட் ஆள்.

கணக்கை முடித்துவிடுகிறேன். டிவிஷனில் 24 அணி, ஆளுக்கு 46 ஆட்டம், அதில் சொந்த மைதானத்தில் 23. டிக்கெட் அந்த 23-க்கு மட்டும்தான். லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கப் என்றால் தனிக் காசு, மேல் டிவிஷனுக்குப் போகச் சீசன் முடிவில் ஆடும் பிளே-ஆஃப் என்றாலும் தனிக் காசு. வாங்கும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நவம்பரில் கப் ஆட்டத்துக்குப் போய், வாசலில் சிவப்பு விளக்கு எரிந்து, பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் போனது 17 ஆட்டம். ஆக, ஒன்றுக்கு 20 பவுண்டு. வாசலில் வாங்கினால் 24. மிச்சம் 68 பவுண்டு. அதுவும் தேநீருக்கும் சிப்ஸுக்கும் போய்விட்டது.

மிச்சமான ஆறு ஆட்டங்களில்தான் என் வயிற்றெரிச்சல். நான் மருத்துவமனையில் நர்ஸ். சனிக்கிழமை மூன்று மணி என்று நம்பி ஷிஃப்டை மாற்றி வைத்திருப்பேன். காலையில் ரெஃப்ரி வந்து பந்தை உருட்டிப் பார்ப்பார், அது தண்ணீரில் நின்றுவிடும், ஆட்டம் ரத்து. இரண்டு முறை நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் செய்தியே வந்தது. தள்ளிவைத்த ஆட்டம் செவ்வாய் இரவு ஏழே முக்காலுக்கு வரும். அன்றைக்கு எனக்கு வார்டு. பணம் திரும்பக் கிடைக்காது, ஏனென்றால் டிக்கெட் "அந்த ஆட்டத்துக்கும் செல்லும்". இந்த ஒரு வரிக்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். பெண்கள் கழிப்பறைக்காக இன்னொன்று. டெரஸின் அந்தக் கோடியில் மொத்தமே மூன்று; இடைவேளையில் வரிசையில் நின்றால் இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடம் போச்சு.

ஆனால் அந்த டெரஸ் இருக்கிறதே! 1989-ல் ஹில்ஸ்பரோவில் நெரிசலில் 97 பேர் இறந்த பிறகு, மேல் இரண்டு டிவிஷன்களின் மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய சிமெண்ட் படிகளில் நின்று பார்ப்பது கீழே உள்ள கிளப்புகளில்தான் மிஞ்சியிருக்கிறது. இருக்கை எண் கிடையாது. ஆனாலும் ஆகஸ்டில் யார் எங்கே நின்றார்களோ, ஏப்ரலிலும் அங்கேதான் நின்றார்கள். என் இடப்பக்கம் ஒரு தாத்தா. மூன்று மாதம் தலையை மட்டும் ஆட்டினார். டிசம்பரில் பையன் குளிரில் நடுங்குவதைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் தன் ஃபிளாஸ்க் மூடியில் சூப் ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் வராத வாரங்களில் எங்கள் இடத்தில் யாரையும் நிற்க விடுவதில்லையாம்.

வீடியோவைப் பார்த்து ரெஃப்ரியின் முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். இங்கே கிடையாது. கோல் விழுந்தால் விழுந்ததுதான். கொடி உயரவில்லையென்றால் அந்த நொடியே கத்தலாம், யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து கோடு கிழித்துப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். பிரீமியர் லீக் பார்த்துப் பழகிய என் பையன் முதல் ஆட்டத்தில் கோல் விழுந்ததும் கத்தாமல் என் முகத்தைப் பார்த்தான், "நிஜமா?" என்று. அந்த சீசனில் வீணான நேரத்தை எல்லாம் கூட்டிக் கடைசியில் சேர்த்தார்கள். எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று நீண்டது. பரபரப்புதான், ஆனால் எங்கள் ஐந்தே கால் பஸ் எத்தனையோ முறை போய்விட்டது.

ஆட்டத்தின் தரம் பற்றிக் கேட்பீர்கள். பாதி ஆட்டங்களில் பந்து தரையில் இருந்ததைவிட ஆகாயத்தில் இருந்ததுதான் அதிகம். பிப்ரவரியில் பார்த்த ஒரு 0-0-வை நினைத்தால் இப்போதும் பல் கிட்டித்துவிடும். இருந்தும் யாரும் பாதியில் எழுந்து போகவில்லை. ஏன் என்பது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தால் தெரியும்.

பிரீமியர் லீக் 20, அதற்குக் கீழே மூன்று டிவிஷனில் 72, ஆக 92 கிளப். ஒவ்வொன்றின் பெயரையும் சின்னச் சீட்டில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் நாலு பத்தியாக ஒட்டியிருக்கிறான் பையன். லீக் டூவில் முதல் மூன்று அணி நேராக மேலே. நான்கிலிருந்து ஏழு வரை பிளே-ஆஃப் ஆடி ஒன்று மேலே. கடைசி இரண்டு லீக்கை விட்டே வெளியே. ஏழாவது இடம் போதும் என்பதால் மார்ச்சில்கூடப் பாதி அணிகளுக்கு நப்பாசை. அந்த நப்பாசையைச் சுமந்துகொண்டுதான் 0-0-வைப் பார்க்கிறோம்.

எங்கள் டிவிஷனில் ஆடிய கிராலி டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-23-ல் 22-வது இடம், தப்பித்ததே பெரிது. எங்கள் மைதானத்துக்கு வந்தபோது கோல்கீப்பரிலிருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கொண்டுவந்தார்கள். தாத்தா சிரித்தார். அவர்கள்தான் ஏழாவதாக வந்து, பிளே-ஆஃபில் எம்.கே. டான்ஸை இரண்டு ஆட்டத்தில் 3-0, 5-1 என்று துவைத்து, 2024 மே 19 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் குரூ அணியை 2-0 வென்று மேலே போனார்கள். இப்ஸ்விச் சீட்டு இரண்டே வருடத்தில் மூன்றாம் பத்தியிலிருந்து முதல் பத்திக்குப் போனது. 2008-ல் எஃப்.ஏ. கப் வென்று, 2013-ல் நான்காம் டிவிஷன்வரை விழுந்த போர்ட்ஸ்மவுத், 97 புள்ளியோடு மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னை வென்று 12 வருடம் கழித்து இரண்டாம் டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது. எதிர்த்திசையும் உண்டு. 2023-ல் பிரீமியர் லீக்குக்குப் போன லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் மூன்றும் ஒரே வருடத்தில் இறங்கிவிட்டன. என் வார்டில் ஒருவர் பர்மிங்காம் சிட்டி ரசிகர். அக்டோபரில் சாம்பியன்ஷிப்பில் ஆறாவது இடத்தில் இருந்தபோதே பயிற்சியாளரை மாற்றினார்கள். இங்கிலாந்தின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் வெயின் ரூனி பயிற்சியாளராக வந்து 15 ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஜனவரி 2-ல் அவரும் போனார். மே 4, கடைசி நாளில் ஜெயித்தும் 50 புள்ளியோடு மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது அணி. மறுநாள் நைட் ஷிஃப்டில் அந்த மனிதரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

டிக்கெட் எடுக்காமல் வீட்டிலேயே பார்க்கலாமே என்றால், சனிக்கிழமை இரண்டே முக்காலிலிருந்து ஐந்தே கால் வரை பிரிட்டனில் எந்த லீக் ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது. மைதானம் காலியாகிவிடும் என்ற பயத்தில் பல பத்தாண்டுகளாக இருக்கிற கட்டுப்பாடு. 2024-25 சீசனிலிருந்து கீழ் மூன்று டிவிஷன்களிலும் கப் போட்டிகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை டிவியில் காட்டுகிறார்கள், ஐந்து வருடத்துக்கு 93.5 கோடி பவுண்டு ஒப்பந்தம். கிளப்புக்குக் காசு வரும், சரி. எனக்கு வருவது அந்தத் தடை நேரத்துக்கு முன்னால் தள்ளிவைத்த பன்னிரண்டரை மணி ஆட்டங்கள். நைட் முடித்துத் தூங்குகிற நேரம் அது.

புதுப்பித்துவிட்டேன். விலை 15 பவுண்டு ஏறியிருக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். புதிதாக எடுப்பவர்களுக்கு: டிக்கெட் ஃபோனில்தான் வரும், வாசலுக்குப் போகுமுன் சார்ஜ் பாருங்கள். டெரஸில் முன்கம்பியை ஒட்டி நிற்காதீர்கள், கூரைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் விழும். ஆறாவது படி நல்ல இடம். ஏழாவதில் நாங்கள் நிற்கிறோம், அங்கே இடமில்லை.