நின்ற குதிரையைத் துள்ள வைக்கும் மூலிகைப் பொடி: குதிரை வைத்திருப்போர் கவனத்திற்கு

ஈரோடு, கோபி, காங்கயம் வட்டாரங்களில் குதிரை வளர்ப்பவர்களிடம் சில மாதங்களாக ஒரு மூலிகைப் பொடி விற்கப்பட்டு வருகிறது. ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாளுக்கு, ஒரு டப்பா. விலை 6,500 ரூபாய். சோர்ந்து நிற்கும் குதிரை ஒரே வாரத்தில் துள்ளும் என்பது விற்பவரின் வாக்குறுதி. எங்கள் பெட்டைக் குதிரை அதைத் தின்று உண்மையாகவே துள்ளியது. அந்தத் துள்ளலைப் பற்றித்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். ஏனெனில் அதன் உடலில் நோய் முற்றிக்கொண்டிருந்ததும் அதே நாட்களில்தான்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் வாங்கிய கத்தியவார் இனக் குதிரை அது. எங்கள் தோட்டம் காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டியது. மழை பிடித்துவிட்டால் கரையோரம் மாட்டு ஈ மொய்க்கும். ஐப்பசியில் குதிரை மெல்லச் சோர்ந்தது. கொள்ளைக் குறையாமல் தின்றும் விலா எலும்பு தெரிந்தது, பின்னங்கால்கள் மாலையில் வீங்கின, ஈறு வெளுத்தது. காய்ச்சல் சில நாள் அடிக்கும், பிறகு தானாகவே விட்டுவிடும். கால்நடை மருத்துவர் வந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார். அன்று காய்ச்சல் இல்லாததால் எதுவும் தென்படவில்லை என்றும், அடுத்த முறை காய்ச்சல் ஏறியவுடன் கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடைவெளியில்தான் பொடிக்காரர் வந்தார். ரேக்ளா பந்தயக்காரர்கள் வழியாக அறிமுகமானவர், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லாதவர். "ஏனுங்கண்ணா, ஊசி போட்டுப் போட்டுக் குதிரையக் கெடுத்துராதீங்க. இது முழுக்க மூலிகைங்க, ஒரு வாரத்துல நீங்களே கூப்பிட்டுச் சொல்லுவீங்க" என்றார். அமுக்கரா, வெந்தயம், நெல்லிக்காய், திப்பிலி என்று பொருட்களை அடுக்கினார். அவற்றின் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. கொள்ளு வேகவைக்கும்போது வெந்தயம் சேர்ப்பது எங்கள் வீட்டிலும் பழக்கம்தான். மருத்துவரை மறுபடி அழைக்க வேண்டாம் என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதைத்தான் மற்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொடி கொடுத்த சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. தீனி கூடியது, தலையை உயர்த்திக் கனைத்தது, கயிற்றைப் பிடித்து நடத்தினால் ஓட்டமாக இழுத்தது. தண்ணீர் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்தது. கொட்டகைத் தரை எந்நேரமும் சிறுநீரில் நனைந்தே கிடந்தது. "உடம்புல இருக்கற கெட்ட நீரு வெளிய போகுதுங்க" என்று அதற்கு விளக்கம் கிடைத்தது. எங்கள் குதிரை ஓடுவதை அவர் தம் கைப்பேசியில் படமெடுத்து, எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாட்ஸப் குழுக்களில் விளம்பரமாகச் சுற்றவிட்டார். அந்தக் காணொளியை நம்பி வாங்கியவர்கள் இருக்கக்கூடும் என்பதும் நான் இதை எழுதக் காரணம்.

டப்பா தீரும் முன்பே குதிரை விழுந்தது. காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டியது, அடிவயிற்றில் நீர் கோத்தது, பின்பக்கம் தள்ளாடியது. மருத்துவர் உடனே இரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்களுக்கு நடுவே ஒட்டுண்ணிகள் நெளிந்துகொண்டிருந்தன. மாட்டு ஈயின் கடியால் பரவும் சர்ரா நோய். மாடும் எருமையும் இந்த ஒட்டுண்ணியைப் பெரிய அறிகுறி இல்லாமலே சுமந்து திரியும், குதிரையோ சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது என்று அவர் விளக்கினார்.

அந்த ஒட்டுண்ணி தன் மேலுறையை அடிக்கடி மாற்றிக்கொள்வதால், குதிரையின் எதிர்ப்புச் சக்தி ஒரு கூட்டத்தை அழித்து முடிப்பதற்குள் வேறு உறையோடு அடுத்த கூட்டம் பெருகிவிடுகிறது. காய்ச்சல் அலை அலையாக வந்து போவதற்கு இதுவே காரணம். ஓர் அலை ஓய்ந்து அடுத்தது எழும் வரை, எதுவுமே கொடுக்காவிட்டாலும் குதிரை தெளிந்து நிற்கும். அந்த வேளையில் எந்தப் பொடியைக் கொடுத்திருந்தாலும் பெயர் பொடிக்குத்தான் போகும். சர்ரா பரவும் மழைக்காலத்தில் இத்தகைய வியாபாரம் சூடுபிடிப்பதில் எனக்கு வியப்பில்லை.

எங்கள் குதிரைக்கு நேர்ந்தது அத்தோடு நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் குறைந்தும், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களும் சர்க்கரையும் கூடியும் இருந்ததைப் பார்த்த மருத்துவர், ஸ்டீராய்டு ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டார். பொடியைத் தவிர வேறெதுவும் கொடுக்கப்படவில்லை. டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு காய்ச்சலைத் தணிக்கும், பசியைத் தூண்டும், தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். நாங்கள் கண்டவை அனைத்தும் அந்த வரிசையில் அடங்குகின்றன. ஆனால் அது உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால் ஒட்டுண்ணிக்குத்தான் வழி திறக்கும். குதிரைக்குக் குளம்பு அழற்சியும் வரலாம். சினைக் குதிரைக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, பொடி கொடுத்ததால்தான் குதிரை இத்தனை நாள் நின்றது என்றார். பாதி விலைக்கு இன்னொரு டப்பா தருவதாகவும் சொன்னார். ஸ்டீராய்டு என்ற சொல்லை எடுத்ததும் இணைப்பைத் துண்டித்தார், பிறகு என் எண்ணுக்குப் பதில் இல்லை. டப்பாவில் இலைப் படமும், நூறு சதவீதம் இயற்கை என்ற வரியும், ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே அச்சாகியுள்ளன. உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், முகவரி எதுவும் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் கால்நடைகளுக்கான சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கும் பொருந்தும். இது மருந்தல்ல, தீவனம்தான் என்று இப்போது வேறு சிலரிடம் சொல்கிறாராம். தீவனம் என்றால் நோய் தீரும் என்று சொல்லி எதற்காக விற்றார்? மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, டப்பாவையும் மிச்சப் பொடியையும் காட்டி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம்.

குதிரை இப்போது, சர்ராவுக்கான மருந்தான குயினாபைரமின் ஊசிக்குப் பின் மெல்லத் தேறி வருகிறது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வந்து வற்றியது. ஈறு இன்னும் முழுச் சிவப்புக்குத் திரும்பவில்லை.

குதிரை துள்ளுகிறதா என்பதை விட்டுவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். ஓய்வில் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு, நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை. காலையும் மாலையும் எழுதி வைத்தால், காய்ச்சல் விட்டு விட்டு வருவது தாளிலேயே தெரிந்துவிடும். ஏறிய நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில்தான் ஒட்டுண்ணி எளிதில் அகப்படும். ஒருமுறை பார்த்து இல்லை என்று வந்தால் அதை முடிவாகக் கொள்ள வேண்டியதில்லை. கால்நடை அவசர ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம்; பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

இதே பொடியை ஏற்கெனவே பல நாட்களாகக் கொடுத்து வருபவர்கள், இதைப் படித்தவுடன் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் குதிரைக்குக் கேடு என்று எங்கள் மருத்துவர் எச்சரித்தார். டப்பாவோடு அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். எத்தனை நாளாக, எந்த அளவில் கொடுத்தீர்கள் என்பதை அவர் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.