எல்எல்ஆர் எடுக்க புரோக்கர் தேவையே இல்ல: சாரதி வெப்சைட் பத்தி

அக்கா பொண்ணுக்கு 18 முடிஞ்சதும் வண்டி ஓட்டணும்னு ஒரே பிடிவாதம். பக்கத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல விசாரிச்சா ஃபீஸ் எதுக்கு எவ்ளோன்னு பிரிச்சே சொல்ல மாட்டேங்குறாங்க, "மொத்தமா குடுத்துடுங்கம்மா, பாப்பா வரவே வேணாம், டெஸ்ட்டும் நாங்களே முடிச்சுடுறோம்"ங்கறாங்க. அந்த கடைசி பேச்சு எனக்கு சுத்தமா பிடிக்கல. ரோட்டுல ஓட்டப் போறது அவ, டெஸ்ட் மட்டும் வேற ஒருத்தர் எழுதுவாங்களா? நேரா லைசென்ஸ் வேலைக்குன்னு மத்திய அரசு நடத்துற பரிவாஹன் சாரதி வெப்சைட்லயே அப்ளை பண்ணிட்டோம், எல்எல்ஆரும், அதாவது வண்டி ஓட்டக் கத்துக்கறதுக்கான பழகுநர் உரிமமும் வந்தாச்சு. என்னைக் கேட்டா அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.

தமிழ்நாடுன்னு செலக்ட் பண்ணி உள்ள போனா, ஆதார் வழியா போறதா இல்ல ஆதார் இல்லாம போறதான்னு கேக்கும். ஆதார்னா பேர், அட்ரஸ், போட்டோ எல்லாம் அங்கேருந்தே வந்துடும், டெஸ்ட்டையும் வீட்டுல இருந்தே எழுதலாம். ஆனா பசங்க விஷயத்துல இங்க தான் சிக்கலே, ஏன்னா முக்கால்வாசி பிள்ளைங்க ஆதார்ல அப்பா நம்பர் தான் இருக்கும், ஓடிபி அவருக்கு போகும், அவர் டூட்டியில இருப்பார். போட்டோவும் சின்ன வயசுல எடுத்ததா இருந்தா அதே மூஞ்சி தான் எல்எல்ஆர்லயும் வரும். 15 வயசுல பண்ண வேண்டிய பயோமெட்ரிக் அப்டேட்ட பண்ணாதவங்க முதல்ல அத முடிச்சுட்டு, நம்பரையும் மாத்திட்டு வாங்க, அப்புறம் எல்லாம் மடமடன்னு போகும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது டெஸ்ட் தான். அதுக்கு முன்னாடி ரோடு சேஃப்டி வீடியோ ஒண்ணு பாத்தே ஆகணும், தள்ளிவிட்டுட்டு போகாம முழுசா பாருங்க. கேள்விய தமிழ்லயே எடுத்துக்கலாம், கேமரா ஆன்ல இருக்கணும், 60 சதவீதம் சரியா இருந்தா பாஸ். கண்ணு தெரியாதவர் வெள்ளைக் குச்சியோட ரோட்ட கிராஸ் பண்றார்னா என்ன பண்ணணும்? அந்தக் குச்சியவே நிறுத்துன்னு காட்டுற சிக்னலா எடுத்துக்கிட்டு வண்டிய நிறுத்தணும். ஆளில்லாத ரயில்வே கேட்னா வண்டிய ஓரமா நிறுத்தி, இறங்கி தண்டவாளம் வரைக்கும் போய் பாத்துட்டு தான் தாண்டணும். ரவுண்டானாவுல வலது பக்கம் இருந்து வர வண்டிக்கு வழி விடணும். கேள்வித்தொகுப்ப வச்சு படிச்சப்போ, வருஷக்கணக்கா கார் ஓட்டுற எங்க மாமாவே இந்த ரவுண்டானா கேள்விய தப்பா சொன்னார்! சிவப்பு வளையம் போட்ட வட்டம்னா கட்டாயம், முக்கோணம்னா எச்சரிக்கைன்னு அவ தான் எங்களுக்கு சொல்லிக் குடுத்தா. இதையெல்லாம் காசு குடுத்து வேற ஆள எழுத வச்சா பிள்ளைக்கு என்ன தெரியும் சொல்லுங்க.

செலவுன்னு பாத்தா மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்எல்ஆர் 150 ரூபா, டெஸ்ட்டுக்கு 50. பைக், கார் ரெண்டும் வேணும்னா ரெண்டுக்கும் சேத்து ஒரே அப்ளிகேஷன்ல போட்டுடுங்க. கம்ப்யூட்டர் இல்லாதவங்க இ-சேவை மையத்துலயும் அப்ளை பண்ணலாம்.

16 வயசுலயே கிடைக்குமேன்னு கேக்குறவங்களுக்கு: கிடைக்கும், அப்பா அம்மா கையெழுத்தோட, கியர் இல்லாத 50 சிசி வண்டிக்கு மட்டும். ஆனா இப்போ வீட்டுல நிக்கிற ஸ்கூட்டி எல்லாம் 100 சிசிக்கு மேல, அப்போ அந்த லைசென்ஸ வச்சு எத ஓட்டுறது? ட்யூஷனுக்கு தானேன்னு சாவிய குடுத்துடாதீங்க. 2019ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் 18க்கு கீழ உள்ள பிள்ளை லைசென்ஸ் இல்லாம ஓட்டி கேஸ் ஆச்சுன்னா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி பதிவு 12 மாசம் ரத்து, பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் எல்எல்ஆரே கிடையாது. தெருவுல பத்தாவது படிக்கிற பையன் ஹெல்மெட் கூட இல்லாம பறக்குறத பாத்தா எனக்கு அடிவயிறு கலங்குது.

எல்எல்ஆர் 6 மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு போலாம். அதுவரைக்கும் வெள்ளையில சிவப்பு எல் போர்டு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டணும், கார்னா பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆள் உக்காரணும், டூ வீலர்ல கத்துக் குடுக்குறவங்கள தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. ஃப்ரெண்ட பின்னாடி வச்சுக்கிட்டு காலேஜ் போறதெல்லாம் லைசென்ஸ் வந்தப்புறம் தான்னு அவகிட்ட முதல்லயே சொல்லிட்டோம்.