வீடா, இடமா? விற்கப் போட்ட வீட்டுக்கு ஆள் வராத எட்டு மாதம்

மதுரை திருநகரில் அப்பா 1983-ல் கட்டிய வீட்டை விற்பதென்று முடிவு செய்து கேட்டில் போர்டு மாட்டியது ஆனி மாதம். கிரயம் முடிந்தது தை கடைசியில். முதல் மூன்று மாதத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அதிலும் ஒருவர் வாடகைக்கு என்று நினைத்து வந்தவர்.

அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு, யார் வந்தார்கள், எதைப் பார்த்து வந்தார்கள், போகும்போது என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்திருந்தாள். தம்பி கேலி செய்தான். ஆனால் எந்த வழியில் சொன்னால் எந்த மாதிரி ஆள் வருகிறார் என்பது அந்த நோட்டில் அப்படியே தெரிந்தது. இதையும் அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். 5 செண்ட், அதாவது 2,178 சதுர அடி. தெற்கு வாசல். தரைத்தளம் மட்டும், சுமார் 1,100 சதுர அடி. போர் தண்ணீர் நன்றாக இருக்கும். பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிட நடை. நாங்கள் சொன்ன விலை 90 லட்சம். அந்த 90 எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக்கதை, பிறகு வருகிறேன்.

போர்டும் இணையமும்

போர்டுக்கு 600 ரூபாய் செலவு. அதைப் பார்த்து வந்தவர்கள் காலையில் வாக்கிங் போகிறவர்கள், பக்கத்திலேயே மகளுக்கு வீடு தேடுபவர்கள். ஆள் குறைவுதான், ஆனால் ஏரியாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். நேராக விலைக்கு வருவார்கள். போர்டின் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் போன் நம்பரோடு போர்டு தொங்கினால், உள்ளே ஆள் இல்லை என்று திருடனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கொல்லைப்புறத்தில் இரண்டு பித்தளைக் குழாய்கள் போயின. ‘தரகர்கள் வேண்டாம்’ என்று சிவப்பில் வேறு எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு முதலில் போன் செய்தவர்கள் தரகர்கள்.

இணையத்தில் இரண்டு தளங்களில் போட்டோம். ஒன்று இலவசம். இன்னொன்றில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினால் நம் வீட்டை மேலே காட்டுவார்கள். முதல் மாதம் நோட்டுக் கணக்கில் 41 அழைப்புகள். பாதிக்கு மேல் தரகர்கள். வாங்குகிறவர் மாதிரியே பேசி, இரண்டு நிமிடம் கழித்து “கமிஷன் எவ்வளவு தருவீங்க” என்பார்கள். அப்புறம் ஹோம் லோன் ஏஜெண்டுகள், வீடு காலி செய்து தரும் கம்பெனிகள். விற்கிற எங்களிடமே மாடுலர் கிச்சன் போடச் சொல்லிப் பேசினார் ஒருவர். நேரில் வந்தவர் ஒரே ஒருவர்.

ஆனாலும் இணையம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒருவர் துபாயில் இருக்கும் மகனுக்காகப் பார்க்க வந்த தகப்பனார். மகன் அங்கே படத்தைப் பார்த்துவிட்டு இவரை அனுப்பியிருந்தார். அப்படிப்பட்ட ஆளை கேட்டில் தொங்கும் போர்டு எட்டாது. அடுக்குமாடி பிளாட் விற்பதென்றால் நான் இணையத்தைத்தான் முதலில் வைப்பேன். பிளாட் என்பது எத்தனை பெட்ரூம், எந்த மாடி, பார்க்கிங் உண்டா, என்ன விலை என்று நாலு கட்டத்துக்குள் அடங்கிவிடும். நாற்பது வருடத் தனி வீடு அடங்காது. கட்டடத்தின் வயது என்ற இடத்தில் 40 என்று நிரப்பியதுமே, புது வீடு தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரி விளம்பரமும் இரண்டு வாரம் கொடுத்தோம். ஏழு போன். எல்லோரும் வயதானவர்கள், எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள், ஒருவரும் வரவில்லை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு வாங்கும் பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்திருந்தும் ஆனியில் ஆரம்பித்தது எங்கள் அவசரம். மார்கழியும் அப்படித்தான். விளம்பரம் புதிதாக இருக்கும் முதல் சில வாரங்களில்தான் போன் வரும். அந்த வாரங்களை ஆடிக்குத் தின்னக் கொடுத்தோம்.

ஒரு தரகரா, பத்துத் தரகரா

ஆவணியில் வீம்பை விட்டோம். கேட்ட தரகருக்கெல்லாம் சரி என்று சொன்னோம். நிறையப் பேரிடம் சொன்னால் நிறையப் பேர் வருவார்கள் என்பது எங்கள் கணக்கு. நடந்தது வேறு. ஆறு தரகர்களும் அதே வீட்டை அவரவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள், ஆளுக்கொரு விலையில். ஒருவர் 88, ஒருவர் 95, இன்னொருவர் 1 கோடியே 2 லட்சம். மேலே வைத்துச் சொல்லி, கிடைக்கும் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. ஒரே வீட்டை நாலு விலையில் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? ஏதோ வில்லங்கம் என்றுதான் நினைப்பார். அந்த மாதம் தரகர்கள் வழியாக வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் முதலில் கேட்டது “டாக்குமெண்ட் கிளியரா?”

புரட்டாசியில் ஒரே ஒருவரிடம் கொடுத்தோம். மூன்று மாதம் வேறு யாரிடமும் போக மாட்டோம், எங்கள் பக்கம் 2 சதவீதம், விலை நாங்கள் சொன்னதுதான் என்று பேச்சு. அவருக்கு அலுவலகம் கிடையாது. டீக்கடையும் ஒரு டிவிஎஸ் எக்ஸெலும்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தவர், உள்ளே ஐந்து நிமிடம் கூட இருக்கவில்லை. தெருவின் அகலத்தைக் காலடியால் அளந்தார். பிறகு சொன்னார்:

“சார், இதை வீடுன்னு போட்டா வீடு வேணும்கிறவன் வருவான். பழசா இருக்கேன்னு பார்த்துட்டுப் போயிருவான். இது இடம் சார். அஞ்சு செண்ட் இடம், மேல ஒரு பில்டிங் நிக்குது. அப்படிப் போடுங்க.”

அம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்பா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. ஆனால் அக்காவின் நோட்டைப் புரட்டினால் தரகர் சொன்னதுதான் எல்லாப் பக்கத்திலும் இருந்தது. ‘கிச்சன் சின்னது.’ ‘பாத்ரூம் பின்னால இருக்கு.’ ‘மாடி இல்லை.’ ‘தெற்கு வாசல் ஒத்து வராது.’ இதெல்லாம் குடியேற நினைப்பவரின் குறைகள். இடித்துக் கட்டப்போகிறவருக்கு இதில் ஒன்றுகூடக் குறையில்லை. மனை தேடுகிறவர் எங்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்கவே மாட்டார், ஏனென்றால் அவர் ‘வீடு’ என்ற பகுதிக்குள் வருவதே இல்லை. மூன்று மாதமாகத் தப்பான கடையில் சரக்கை வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று புலம்பியிருக்கிறோம்.

‘5 செண்ட் இடம், பழைய கட்டடத்துடன்’ என்று மாற்றிப் போட்ட மாதத்தில் பதினோரு பேர் வந்தார்கள். பாதிப் பேர் உள்ளேயே நுழையவில்லை. வெளியில் நின்று டேப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

பெயிண்ட் அடிப்பதா, விலையை இறக்குவதா

ஆள் வராதபோது வீட்டில் இரண்டு கட்சி. அக்கா பெயிண்ட் கட்சி, நான் விலைக் கட்சி. ஆடியில் அக்கா கட்சி ஜெயித்தது. 70,000 ரூபாய்க்கு உள்ளும் வெளியும் வெள்ளையடித்து, கேட்டுக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தோம். இடமாக விற்கப்போகிற சொத்துக்கு இதைவிட வீண் செலவு கிடையாது. பத்துப் பதினைந்து வருடமான, குடியேறக்கூடிய வீடாக இருந்தால் என் தீர்ப்பு வேறாக இருக்கும். அப்போதும் பெயிண்டை விட ஒழுகுவதைச் சரிசெய்து, குழாயில் தண்ணீர் வரும்படி வைத்து, பூட்டிய வீட்டு வாடை போக வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல்.

விலைக்கு வருவோம். அந்த 90 லட்சத்தில் 10 லட்சம் எய்ம்ஸ். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் விற்பவர் எல்லோரும் எய்ம்ஸ் பெயரைச் சொல்லி விலை ஏற்றினோம். முதல் வருட மாணவர்களே ராமநாதபுரத்தில்தான் சேர்ந்து படித்தார்கள். நாங்களோ வராத கட்டடத்துக்குச் செண்டுக்கு 2 லட்சம் சேர்த்து வைத்திருந்தோம்.

விலை ஏன் ஆளை வாசலுக்கே வரவிடாது என்பதை ஒரு வங்கி மேலாளர்தான் புரியவைத்தார். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் ரிசர்வ் வங்கி விதிப்படி கொடுக்க முடியும். அந்த மதிப்பு நாம் சொல்லும் விலையல்ல, வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவது. பழைய கட்டடத்துக்கு அவர் பெரிதாக ஒன்றும் போட மாட்டார். எங்கள் சொத்துக்கு வந்த மதிப்பு 74 லட்சம். அப்படியென்றால் கடன் 59 லட்சத்து 20 ஆயிரம். 90-க்கு வாங்குகிறவர் மீதி 30 லட்சத்து 80 ஆயிரத்தைக் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்ந்து 8 லட்சத்து 10 ஆயிரம். ஆக 38 லட்சத்து 90 ஆயிரம் ரொக்கமாக வேண்டும். விலையை 80 ஆக்கினால் அதே கணக்கு 28 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. மதிப்பீட்டுக்கு மேல் நாம் ஏற்றும் ஒவ்வொரு லட்சமும் வாங்குபவரின் சேமிப்பிலிருந்து மட்டுமே வர வேண்டும். கடன் அதற்கு உதவாது.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு, விற்றதில் வரும் லாபத்துக்குக் கட்டும் வருமான வரிக் கணக்கும் பார்த்தாக வேண்டும். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்துக்கு அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன்பிருந்தே நம்மிடம் உள்ள வீடு என்பதால், பணவீக்கத்தைக் கழிக்காமல் 12.5 சதவீதம், கழித்து 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். விற்கும் விலை 2001 மதிப்பைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கைத் தாண்டினால் 12.5 சதவீத வழி நமக்கு நல்லது, அதற்குக் கீழே என்றால் 20 சதவீத வழி நல்லது. ஆடிட்டரிடம் இதை விலை சொல்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஒரு பார்ட்டி பாதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். தம்பிக்கு ஆசைதான். விட்டுவிட்டோம்.

விற்காமலே ஏதாவது?

நடுவில் ஒரு பில்டர் வந்தார், கூட்டாகக் கட்டலாம் என்று. 2019 கட்டட விதிப்படி உயரம் குறைந்த கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை கட்டலாம். எங்கள் 2,178-க்கு 4,356 சதுர அடி. பாதிக்குப் பாதி என்றால் எங்களுக்கு இரண்டு பிளாட். வாரிசு நான்கு பேர்: அம்மா, அக்கா, நான், தம்பி. இரண்டு பிளாட்டை நாலு பேர் எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடி, சண்டையில் முடிந்தது. ஒரே வாரிசாக, அந்த ஊரிலேயே இருப்பவராக இருந்தால் நேரடி விற்பனையை விட இதில் காசு அதிகம் வரலாம். எங்களைப் போல் ஆளுக்கொரு ஊரில் இருந்தால் வேண்டாம்.

ஒத்திக்கு விடுவதும் ஒரு யோசனை. மதுரையில் அது சகஜம். மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் விட்டு, காலி செய்யும்போது திருப்பிக் கொடுப்பது. ஆள் குடியிருந்தால் வீடு உயிரோடு இருக்கும். ஆனால் விற்கும்போது ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைச் செலவழிக்காமல் வைத்திருக்க நம் குடும்பத்தில் யாரும் பிறக்கவில்லை. தவிர, குடியிருப்பவருக்கு வீடு விலை போகாமல் இருப்பதுதான் நல்லது. பார்க்க வருபவரிடம் “மழை பெஞ்சா கொஞ்சம் ஒழுகும்” என்று அவர் சாதாரணமாகச் சொன்னால் போதும்.

காகித வேலையைப் பற்றி ஒரே வார்த்தை. அப்பா உயில் எழுதவில்லை. வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை நான்கு பேர் பெயருக்கும் மாற்ற ஐப்பசி ஆகிவிட்டது. மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாவற்றையும் பத்துப் பிரதி எடுத்துத் தரகரிடம் கொடுத்த பிறகு, ஒருமுறை பார்த்தவர்கள் இரண்டாவது முறை வக்கீலோடு வர ஆரம்பித்தார்கள்.

கடைசியில் வாங்கியவர் எங்களுக்கு நேர் பின்னால், வடக்குத் தெருவில் இருப்பவர். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் முப்பது வருடமாகக் குடியிருக்கிறார். இரண்டு மனையையும் சேர்த்து மகனுக்குக் கட்டப் போகிறாராம். அவர் வீடு வடக்கு வாசல், அதனால் எங்கள் தெற்கு வாசல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. 78 லட்சத்துக்கு முடிந்தது. வெளி ஆள் யாரும் 75-ஐத் தாண்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்ததற்காகத் தரகருக்குக் கொடுத்தது 1 லட்சத்து 56 ஆயிரம்.

பத்திரப்பதிவு அன்று அம்மா அவரிடம் கேட்டாள், “எட்டு மாசமா போர்டு தொங்குச்சே, பாக்கலையா தம்பி?”

“அது முன்தெருவுல இருந்துச்சாம்மா? நான் அந்தப் பக்கமே வர்றதில்லையே” என்றார்.