கொம்பா, நோரியா?

மகள் கொரிய நாடகம் பார்க்கத் தொடங்கியதன் பலன், எங்கள் வெள்ளவத்தைக் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இரண்டு கடற்பாசிப் பக்கெட்டுகள் வந்து குந்தின. ஒன்று நோரி. கடதாசி போல மெல்லிய தாள், சோற்றைச் சுற்றுவதற்கு. மற்றது கொம்பு. தோல்வார் மாதிரித் தடித்த பட்டை, சூப்புக்கு அவிப்பதற்கு. எட்டு மாதம் கழித்து இப்போது நோரி மட்டும்தான் வாங்குகிறோம்.

ருசியில் கொம்புதான் மேல், அதில் சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு விரல் நீளத் துண்டு போட்டால் வெறும் மரக்கறிச் சூப்பும் மாசி போட்டதுபோல் இருக்கும். அதன்மேல் படிந்திருந்த வெள்ளைத் தூளைப் பூஞ்சணம் என்று நினைத்து அம்மா உரஞ்சிக் கழுவிவிட்டார். அது மெனிட்டோல் என்ற இனிப்புப் பொருளாம், ருசியில் அதற்கும் பங்குண்டு. பாவம் கொம்பு.

என்னை மாற்றியது அயடின். வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்குச் சுமார் 250. தாண்டக்கூடாத எல்லையாக ஐரோப்பாவில் 600, அமெரிக்காவில் 1,100 என்று வைத்திருக்கிறார்கள். 3 கிராம் எடையுள்ள ஒரு நோரித் தாளில் பெரும்பாலும் 50 முதல் 100 வரை இருக்கும். கொம்பிலோ ஒரே ஒரு கிராமில் 2,000ஐயும் தாண்டலாம். ஒரு துண்டில் இரண்டு கிழமைக்கான அயடின்! துண்டுக்குத் துண்டு அளவும் மாறும், நான் வாங்கிய பக்கெட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவித்தால் குறையாதா என்று கேட்பீர்கள். குறையும்தான், பெரும்பகுதி தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆனால் சூப்பென்று நாங்கள் குடிப்பதே அந்தத் தண்ணீரைத்தானே.

போதாததற்கு, 1995இலிருந்து இங்கே இலங்கையில் உப்பிலும் அயடின் சேர்க்கிறார்கள். அயடின் குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி குழம்பும். 1960களில் ஜப்பானின் ஹொக்கைடோக் கரையோரத்தில், கொம்பை அள்ளிச் சாப்பிட்டவர்களிடம் கழுத்துக் கழலை கண்டிருக்கிறார்கள். அம்மா காலையில் தேத்தண்ணிக்கு முன் தைரொக்சின் குளிசை போடுகிறவர். கிளினிக்கில் கேட்டபோது டொக்டர், "நோரி இடைக்கிடை பரவாயில்லை, அந்தக் கறுத்தப் பட்டையை விட்டிடுங்கோ அம்மா" என்றார். கொம்பை நான் சமைத்தது இரண்டே தடவைதான், அதனால் எங்கள் வீட்டில் எவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அளக்க முடியாத ஒன்றை அம்மாவின் கோப்பையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக நோரியைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். எண்ணெயும் உப்பும் தடவி வறுத்த சின்னப் பக்கெட்டுகளைப் பிரஷர்காரர்கள் சிப்ஸ் மாதிரிக் கொறிக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தப் பாசியையும் டொக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுவது நல்லது, பாசியிலுள்ள விட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். இறால், நண்டு ஒவ்வாதவர்கள், அவை கலந்திருக்கிறதா என்று பக்கெட்டின் பின்பக்கத்தை வாசியுங்கள். அப்புறம், ஹிஜிகி என்ற கறுத்த நூல்நூலான பாசியைக் கண்டால் வாங்கவே வேண்டாம். அதில் ஆர்செனிக் என்ற நஞ்சு கூடுதல் என்று பிரிட்டனும் கனடாவும் எச்சரித்திருக்கின்றன.

எங்கள் ஊர்க் கடற்பாசி? களப்பில் பிடுங்கியதைப் பச்சையாகத் தின்னத் துணியாதீர்கள். 1991இல் பசிபிக் தீவான குவாமில், அதற்கு நெருங்கிய உறவான ஒரு பாசியைச் சாப்பிட்டு மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் நோன்பு காலத்தில் கீழ்வீட்டு ராத்தா பாலும் ரோஸ் பாணியும் ஊற்றித் தட்டில் வெட்டி அனுப்புகிற கடற்பாசி வேறு. காய்ச்சி வடித்த அகர் அது, அயடின் குறைவுதான். சீனியைப் பற்றி மட்டும் நான் முணுமுணுத்தேன். அம்மா காதில் வாங்காமல் இரண்டாவது துண்டை எடுத்தார்.