ஷோத்கங்கா: ஆய்வேடு இருக்கிறது, பாட்டு எங்கே?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பிஎச்டி முடிக்கிற பிள்ளைகள் கடைசியில் வந்து நிற்கிற இடங்களில் இதுவும் ஒன்று. கறுப்போ நீலமோ ரெக்ஸின் அட்டை, முதுகில் தங்க எழுத்து, ஐந்து பிரதி. மழைக்காலத்தில் மூடுபனி உள்ளே வந்து காகிதம் ஈரம் இழுத்துக்கொண்டு மெஷினில் சிக்கும், அதனால் கட்டைப் பிரித்து நூறு வாட்ஸ் குண்டு பல்பு பக்கத்தில் வைத்துக் காயவிட்டுத்தான் பிரிண்ட் எடுப்பேன், பின்னாடியே பையன் "அண்ணே, நாளைக்குக் காலையில சப்மிட் பண்ணணும்ணே" என்று நிற்பான். நாலு வருஷம், அஞ்சு வருஷ உழைப்பு அது. அந்த ஐந்து பிரதியும் அப்புறம் எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறேன். கைடு வீட்டில் ஒன்று, டிபார்ட்மெண்ட் பீரோவில் ஒன்று, பையன் வீட்டு ஷோகேஸில் ஒன்று. யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்?

படிக்கலாம், வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம் என்று காட்டியது ஷோத்கங்கா இணையதளம். ஆறு வருஷமாகப் பயன்படுத்துகிறேன், ஆராய்ச்சி மாணவனாக இல்லை, ஊர்க்காரனாக. அந்தக் கோணத்தில் யாரும் எழுதிப் பார்க்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: குஜராத்தில் காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிற ஆய்வேட்டுச் சேமிப்பகம் இது, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் கீழ் வருகிறது. ஆய்வேட்டின் மின்பிரதியைக் கட்டாயம் தரவேண்டும் என்று யுஜிசி 2009ல் விதி கொண்டுவந்தது, அதற்குப் பிறகுதான் இது வளர்ந்தது. இன்றைக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. இந்தியா முழுக்க, எல்லாத் துறையும், காசு கிடையாது. தமிழிலேயே எழுதிய ஆய்வேடுகளும் நிறைய உண்டு. நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், ஆனால் நகல் சோதனை நடக்கிற இடம் என்ற பயத்தோடுதான் தெரிந்திருக்கும். எழுதியது பழைய ஆய்வேடுகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பார்கள், 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்பது 2018 விதி. அந்த ரிப்போர்ட்டைத்தான் என் கடையில் நடுங்கிக்கொண்டே பிரிண்ட் எடுப்பார்கள். சோதனைச்சாவடியாகப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம்.

நான் உள்ளே போனது அம்மாவுக்காக.

அம்மா இலங்கையில் அட்டன் பக்கம் பிறந்தவர். 1964ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் வந்த ஒரு தலை. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அப்புறம் இந்த மலைக்கு வந்து அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் கொழுந்து எடுத்தார். டேன்டீ தோட்டம் தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான், 1968ல். இதெல்லாம் எனக்கு அம்மா சொல்லித் தெரிந்தது, புத்தகத்தில் பார்த்ததில்லை. ஒருநாள் கடையில் கூட்டமில்லை, வெளியே மழை, சும்மா ஷோத்கங்காவில் 'ரிப்பாட்ரியேட்ஸ்', 'நீலகிரிஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். தாயகம் திரும்பியோர் பற்றி ஆய்வேடுகள் வந்து நின்றன. பொருளாதாரத் துறையில், சமூகவியலில், வரலாற்றில். எங்கள் ஆட்களைப் பற்றி, அட்டவணை போட்டு, சதவீதம் போட்டு, அத்தியாயம் அத்தியாயமாக.

ஒன்றை இறக்கி, கடைசியில் இருந்த கேள்விப் பட்டியலை மட்டும் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "வீட்டில் எத்தனை பேர்?" "குடியுரிமை எந்த ஆண்டு கிடைத்தது?" "ஒரு நாளைக்கு எவ்வளவு கொழுந்து பறிப்பீர்கள்?" அம்மா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரோ நேரில் வந்து கேட்கிற மாதிரி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, "அங்க றாத்தல் கணக்கு தம்பி, இங்க வந்துதான் கிலோ. மொத மாசம் எனக்குக் கணக்கே புரியல, கங்காணி ஏமாத்துறான்னே நெனச்சேன்" என்றார். றாத்தல் என்றால் பவுண்டு. இருபத்துச் சொச்சம் கேள்வி. ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது. பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் போடுவது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குழாய், கப்பலில் தங்கச்சி வாந்தி எடுத்தது, இதுவரை என்னிடம் சொல்லாததெல்லாம் வந்தது. ஐம்பது வருஷமாக அவரை யாரும் அந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை, நான் உட்பட. இந்த ஒரு ராத்திரிக்காகவே ஷோத்கங்காவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, பயன்படுத்துவது எப்படி என்று சொல்கிறேன். ஒரு ஆய்வேட்டைத் திறந்தால் மொத்தமாக ஒரே கோப்பாகப் பெரும்பாலும் வராது, முகப்பு, சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வொரு இயல் என்று தனித்தனி பிடிஎஃப். முதலில் மிரட்டும். ஆனால் நம் மலையில் சிக்னல் இருக்கிற லட்சணத்துக்கு இது வசதி, வேண்டிய இயலை மட்டும் இறக்கலாம். '80' என்று தொடங்குகிற கோப்பு இருந்தால் முடிவும் பரிந்துரையும் அதில் இருக்கும், அவசரத்துக்கு அது போதும். நான் முதலில் திறப்பது பின்னிணைப்பை. அங்கேதான் கேள்விப் பட்டியல், களத்தில் எடுத்த போட்டோ, பேட்டி கொடுத்தவர்கள் விவரம், சில சமயம் பாட்டும் பழமொழியும் அப்படியே இருக்கும். அடுத்து துணைநூற்பட்டியல், அதைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னும் பத்து ஆய்வேடு கிடைக்கும். தமிழில் மட்டும் தேடாதீர்கள். தமிழ் ஆய்வேட்டுத் தலைப்பையே ஆங்கில எழுத்தில் ஏற்றியிருப்பார்கள், அதுவும் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். இந்த மலைப் பழங்குடியான கோத்தர் பெயரையே மூன்று விதமாக அடித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், இந்த மலையைப் பற்றி மட்டுமே ஒரு அலமாரி நிறையும். சிறு தேயிலை விவசாயி, பச்சைத் தேயிலை விலை, நிலச்சரிவு, ஊட்டி உருளைக்கிழங்கு மண், குறும்பர் மருந்துச் செடி, படுகர் மொழி, தோடர் பூத்தையல். கொடைக்கானலில் 1984ல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளையும் புரட்டியிருக்கிறேன், பெண்கள் வேலை, பெண்கள் எழுத்து என்று எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கும் பொருந்துகிற விஷயங்கள். ஒரு மலையில் இருந்து எழுதியது இன்னொரு மலையில் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் படிக்கக் கிடைப்பது லேசான காரியம் இல்லை.

குறைகளும் உண்டு. தளத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை, ஏற்றுகிறவர்கள் ஏற்றுவதுதானே அங்கே கிடைக்கும். ஒரு பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம், ஒரு முழு இயலையும் தலைகீழாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தது. டைப்ரைட்டர் காலத்து ஆய்வேடுகள் வெறும் படமாக இருப்பதால் உள்ளே சொல் தேட முடியாது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேட்டில் ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாத குறை ஒன்று இருக்கிறது. அம்மா அன்றைக்கு ராத்திரி கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், கங்காணியைப் பற்றிக் கேட்டபோது பாடிவிட்டார். தேயிலைச் செடி நிரையில் நின்று கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடுகிற பாட்டு, கங்காணியின் குடையையும் தொப்பியையும் வைத்துக் கேலி. நான் கேட்டதே இல்லை. மறுநாள் ஷோத்கங்காவில் மலையகப் பாட்டு, தோட்டப் பாட்டு என்று தேடினேன். பாட்டு பற்றிய ஆய்வு இருக்கிறது, பாட்டின் வரிகள் பின்னிணைப்பில் இருக்கிறது, பாட்டு இல்லை. "கள ஆய்வில் ஒலிநாடாவில் பதிவு செய்யப்பட்டது" என்று முன்னுரையில் எழுதியிருக்கும். அந்த நாடா எங்கே என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது.

எங்கே என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சில வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் இருந்து பழைய காகிதம் எடைக்குப் போட வந்த மூட்டையில் ஒரு மஞ்சள் பை நிறைய கேசட். உறையில் பேனாவில் ஊர்ப்பெயரும் தேதியும். பழைய காகிதக்காரர் பிளாஸ்டிக் என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விட்டது. மிச்சத்தில் ஏழு என்னிடம் இருக்கிறது, மூன்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. அந்த ஆய்வேடு ஷோத்கங்காவில் பத்திரமாக இருக்கிறது, நான் பார்த்தேன். அதற்குள் பேசுகிற மனிதர்களின் குரல் மட்டும் குப்பைக்கு வந்தது.

ஆய்வேட்டை மட்டும் வாங்கி வைப்பதுதான் இந்தத் தளத்தின் வேலை, அது எனக்குத் தெரியும். ஆனால் இது ஓடுகிற டிஸ்பேஸ் மென்பொருள், எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து 2002ல் வெளியிட்டது, ஒலி, படம், வீடியோ எல்லாம் தாங்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதே மென்பொருளில் ஆய்வேட்டோடு மாணவர் பத்திரிகை, கச்சேரிப் பதிவு, கண்காட்சிப் படம், பேராசிரியரின் கைக்குறிப்பு என்று ஒரே கூரைக்குக் கீழ் வைக்கிறார்கள். அதைவிட, நம் மலையின் சொத்தே அங்கே இருக்கிறது. 1930களில் மொழியியலாளர் எமனோ இங்கே வந்து தோடர், கோத்தர் மொழியைக் கற்று, பாட்டும் கதையும் கேட்டு எழுதினார், தோடர் பாட்டுத் தொகுப்பு 1971ல் அச்சானது. மானிடவியலாளர் மாண்டல்பாம் 1937 வாக்கில் கோத்தர்களோடு இருந்து எழுதிய குறிப்பெல்லாம் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் அவர் பெயரில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் தமிழ், மலையாளம், அடுத்து கோத்தர் மொழி, தோடர் மொழி, அப்புறம் கன்னடம் என்று வரிசையாக வரும். என் கடைக்கு வருகிற கோத்தர் வீட்டுப் பையனுக்கு ஒருநாள் காட்டினேன். அவன் பாட்டி சொல்கிற சொல் திரையில் இருந்தது. போனில் படம் பிடித்துக்கொண்டு போனான்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். இலங்கைத் தமிழர்கள் 2005ல் தொடங்கிய 'நூலகம்' தளத்தைப் பாருங்கள். பள்ளி ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், துண்டுப் பிரசுரம், இறந்தவர் நினைவு மலர், எதையும் விடுவதில்லை. ஒலிக்கும் படத்துக்கும் 'ஆவணகம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள், டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ நூலகம் கூட நின்று உதவுகிறது. அம்மாவின் தோட்டத்துக்கு அந்தப் பக்கத்து ஊர் மலர் ஒன்று அங்கே கிடைத்தது. கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தவர்களின் பாட்டை இங்கே இருக்கிற கல்லூரிகள்தானே வைக்க வேண்டும்? ஆண்டு விழா நாடகம், சுவர்ப் பத்திரிகை, மாணவர் கவிதைத் தொகுப்பு, களப்பணி கேசட், இதுவும் பல்கலைக்கழகத்தில் உண்டான வேலைதான். சதவீதம் போட்ட அட்டவணைக்கு இருக்கிற மரியாதை இதற்கும் வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 4. ஒன்று குறைவது அந்த மஞ்சள் பைக்காக, அதைத் தளத்தின் கணக்கில் எழுதுவது முழு நியாயம் இல்லை என்றாலும்.

இப்போது ஆய்வேடு முடித்துக்கொண்டிருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேட்டி எடுத்த ஆடியோ உங்கள் போனில் இருக்கும், போன் மாற்றுவதற்கு முன் ஊர், தேதி, பாடியவர் சம்மதம் எல்லாம் ஒரு தாளில் எழுதி, இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைத் துறை நூலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் போட்டோ. அம்மாவிடம் காட்டிய ஆய்வேட்டில் லயன் வீட்டுப் படம் ஒன்று இருந்தது, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸை மறுபடி ஸ்கேன் செய்ததால் முகங்கள் எல்லாம் கறுத்துப்போய், குழாய் மட்டும்தான் தெரிந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது எங்க குழாய் மாதிரி இருக்கு, நிக்கிறது யாருன்னு தெரியலையே" என்றார். மின்பிரதி தயார் செய்யும்போது போட்டோ பக்கத்தை மட்டுமாவது கலரில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். என் கடைக்கு வந்தால் அதற்குத் தனியாகக் காசு வாங்க மாட்டேன்.